இடது தோள்

'இக்கரைக்கு அக்கரை பச்சை' என்று யாராவது சொன்னால் எனக்குச் சிரிப்பு வரும். இத்தனை வருடம் படகு விட்டவள் நான், அக்கரையைப் பார்த்ததே கிடையாது. எங்கள் விளையாட்டில் போகிற திசைக்கு முதுகைக் காட்டிக்கொண்டுதான் உட்கார வேண்டும். விட்டு வந்த கரை மட்டும் கண்ணெதிரே சின்னதாகிக்கொண்டே போகும். முந்திப் போனவர்கள் கண்ணில் பட மாட்டார்கள், பின்தங்கியவர்கள் மட்டும் படுவார்கள். கொஞ்சம் தலைக்கனம் உள்ளவர்களுக்கு ஏற்ற விளையாட்டு. எனக்குச் சரியாகப் பொருந்திப்போனது.

நான் இருந்தது இரட்டையர் படகில். ஒல்லியாக, நீளமாக, இரண்டு பேர் ஒருவர் முதுகுக்குப் பின்னால் ஒருவர் உட்காரும் படகு. ஆளுக்கு இரண்டு துடுப்பு. முதல் இருக்கைக்காரி தாளம் போடுவாள். அவள் முதுகுக்குப் பின்னால் இருப்பவள் அந்தத் தாளத்தைப் பிடிப்பதோடு, அவ்வப்போது கழுத்தைத் திருப்பி வழியும் பார்க்க வேண்டும். முதல் இருக்கைக்காரி திரும்பக்கூடாது, திரும்பினால் தாளம் கெட்டுப் படகு ஆடும். தாளம் போட்டது நான். வழி பார்த்தது பின்பாட்டு.

பின்பாட்டு அவளுடைய பெயரில்லை. நான் செய்வதையே பின்னால் உட்கார்ந்து செய்கிறாள், நடுநடுவே குரலும் கொடுக்கிறாள் என்று கோச் வைத்த பட்டம். நாளாவட்டத்தில் அது தேய்ந்து 'பாட்டு' ஆகிவிட்டது. அவளை உண்மையாகப் பாடச் சொன்னால் மரத்திலிருக்கும் காக்கை பறந்துவிடும், அது வேறு விஷயம்.

படகில் அவள் பேசுவது இரண்டே வார்த்தை. 'சரி' என்றால் வழியில் ஒன்றுமில்லை, போகலாம். 'தோள்' என்றால் என் இடது தோள் ஏறிவிட்டது, இறக்கு. பயம் வந்தால் எனக்கு இடது தோள் மெல்லக் காதை நோக்கி ஏறுமாம். இது எனக்கே தெரியாது, என்னைப் பெற்றவளுக்கும் தெரியாது. ஒன்பது வருடமாக என் முதுகையே பார்த்துக்கொண்டிருந்தவளுக்குத் தெரியும். 'தோள்' என்று பின்னாலிருந்து சத்தம் வந்ததும் தோள் இறங்கும், பயமும் கூடவே கொஞ்சம் இறங்கும்.

எத்தனையோ நாடுகளுக்குப் போனோம். எல்லா நாடும் எங்களுக்கு ஒன்றுதான். விமான நிலையம், வேன், ஓட்டல் அறை, ஏரி, திரும்ப வேன். 'ஓடமும் ஒருநாள் வண்டியில் ஏறும்' என்பார்கள். எங்கள் ஓடம் வருடத்தில் பாதி நாள் வண்டிமேல்தான் கிடந்தது. அம்மா அக்கம்பக்கத்தில், 'என் பொண்ணு வெளிநாட்டுக்கெல்லாம் போயி படகு ஓட்டுறா' என்று பீற்றிக்கொள்வாள். 'அக்கரைக்கு ஆள் ஏத்திட்டுப் போறாளா?' என்று கேட்ட மகராசனும் உண்டு. அம்மா அன்றைக்கு எனக்குப் போன் போட்டு, ஏதாவது ஒரு தடவையாவது ஜெயித்துத் தொலையேன் என்றாள்.

தொலைக்கத்தான் பார்த்தோம். போன வருடம் உலகப் போட்டியின் இறுதிச் சுற்றில் நாலாவது வந்தோம். வெண்கலத்துக்கும் எங்களுக்கும் நடுவில் ஒரு கையகலம். நாலாவதுக்கு மேடை இல்லை, பூங்கொத்து இல்லை, போட்டோ இல்லை. கடைசியில் வந்தவளுக்காவது பரிதாபப்பட நாலு பேர் இருப்பார்கள். நாலாவது வந்தவளிடம் எல்லாரும் 'பரவாயில்லையே, நல்லாத்தான் பண்ணீங்க' என்று சொல்லிவிட்டுப் போய்விடுவார்கள்.

அன்று சாயங்காலம் ஓட்டல் அறையில் பாட்டு தரையில் மல்லாந்து படுத்து, கால் இரண்டையும் கட்டில்மேல் தூக்கிப் போட்டிருந்தாள்.

"என்னடி கோலம் இது?"

"இப்படி இருந்தாத்தான் நல்லா இருக்கு."

"விடு. அடுத்த வருஷம் பாத்துக்கலாம்."

அவள் கண்ணை மூடிக்கொண்டாள். தூங்கிவிட்டாள் போல என்று விளக்கை அணைத்தேன்.

ஊர் திரும்பிக் குளிர் தொடங்கியிருந்த ஒரு காலை. பயிற்சியின் கடைசிச் சுற்றுக்கு முன்னால் படகை நிறுத்தி மூச்சு வாங்கிக்கொண்டிருந்தோம். பின்னாலிருந்து அவள் குரல் வந்தது.

"இதோட போதும்டி."

"இன்னும் ஒரு சுத்து இருக்கு."

"சுத்து இல்ல. படகையே சொல்றேன். நிறுத்திக்கறேன்."

நான் திரும்பவில்லை. ஒன்பது வருடப் பழக்கம், கழுத்து திரும்பவில்லை. துடுப்பைத் தண்ணீரில் இறக்கி ஓர் இழுப்பு இழுத்தேன். அவளும் இழுத்தாள். துறைவரை அப்படியே இழுத்து வந்தோம். வந்ததும் அவள் பையை எடுத்துக்கொண்டு படியேறிப் போய்விட்டாள். படகைத் தூக்கக்கூட நிற்கவில்லை. கோச்சும் நானுமாகத் தூக்கினோம்.

எனக்கு வந்த கோபத்தைச் சொல்லி மாளாது. இத்தனை வருடம் ஒரே அறை, ஒரே படகு. போகிறேன் என்பதை முகத்துக்கு நேராகச் சொல்ல முடியாதா? முதுகுக்குப் பின்னால் பேசுவது என்று ஊரில் சொல்வார்களே, அதை இவள் அச்சுப் பிசகாமல் செய்துவிட்டுப் போனாள். அவளே வந்து காரணம் சொல்லட்டும் என்று இருந்தேன். நானே வந்து கேட்கட்டும் என்று அவள் இருந்திருப்பாள். இரண்டு பேரும் அவரவர் இடத்தில் உட்கார்ந்திருந்தோம்.

விடுதி அறையில் இரண்டு கட்டில். அவளுடையதை எடுத்துவிடலாமா என்று விடுதிக்காரம்மா கேட்டபோது, இருக்கட்டும், துணி போட ஆகும் என்றேன். துணி ஒன்றும் போடவில்லை. கதவுக்குப் பின்னால் இரண்டு கொக்கி இருந்தது. என் துண்டு ஒன்றில் தொங்கியது, மற்றது சும்மா இருந்தது. காலையில் எழுந்ததும், இன்னிக்குக் காற்று எப்படி என்று கேட்க வாயெடுப்பேன். பிறகு நானே எழுந்து ஜன்னலைத் திறந்து பார்ப்பேன். தனியாக இருப்பது எனக்குப் பழக்கமில்லை. பழக்கமில்லை என்பதுகூட அப்போதுதான் தெரிந்தது. சாப்பாட்டுக்கூடத்தில் நான் உட்கார்ந்த மேசைக்கு யாரும் வரவில்லை. வரக்கூடாது என்று முகத்தை வைத்துக்கொண்டிருந்தால் யார் வருவார்கள்?

கோச் என்னை ஒற்றையர் படகில் ஏற்றினார். ஒற்றையர் படகில் தாளமும் நாம்தான், வழி பார்ப்பதும் நாம்தான். சில இழுப்புக்கு ஒருமுறை திரும்பிப் பார்க்க வேண்டும். சின்னப் பிள்ளைகள்கூடச் செய்வார்கள். எனக்கு வரவில்லை. பின்னாலிருந்து 'சரி' என்று சத்தம் வரும் என்று உடம்பு காத்துக்கொண்டே இருக்கும், சத்தம் வராதது உறைப்பதற்குள் எதன்மேலாவது போய் மோதியிருப்பேன். துறையின் மிதவைப் பலகையில் மோதினேன். பராமரிப்புக்காரர்களின் தெப்பத்தில் மோதினேன். ஒருநாள், நங்கூரம் போட்டு மீன் பிடித்துக்கொண்டிருந்த ஒருவருடைய படகிலேயே மோதிவிட்டேன். அவர் தூண்டிலைக்கூட எடுக்காமல், "இவ்ளோ பெரிய ஏரில நான்தான் கெடச்சேனா?" என்று கேட்டார்.

உலகப் போட்டியில் நாலாவதாக வந்த எனக்கு ஏரிக்குள் இப்படி ஒரு பெயர் வந்தது. கோச் தலையிலடித்துக்கொண்டார். அவர் அதிகம் பேசாத மனிதர். பேசுவதற்கும் சேர்த்துப் பெருமூச்சு விடுவார்.

"திரும்பிப் பாருன்னு சொன்னா அதுக்கு என்னம்மா இவ்ளோ கஷ்டம்?"

"வரமாட்டேங்குது சார்."

ஒரு பெருமூச்சு விட்டுவிட்டு விஷயத்துக்கு வந்தார். "அடுத்த உலகப் போட்டிக்குப் பேர் குடுக்கணும். சங்கத்துல பெண்களுக்கு ஒரே ஒரு படகுதான் அனுப்புவாங்களாம். இரட்டையர்னா மெடலுக்கு வாய்ப்பு இருக்கு. ஒற்றையர்னா..." அதற்கு மேல் பெருமூச்சுதான். "உன் வயசுக்கு இதுதான் கடைசி. எனக்கும் தெரியும், உனக்கும் தெரியும். போய் அவளைக் கூப்பிடு."

"நானா?"

"நீ கூப்பிட்டா வருவா. வேற யார் கூப்பிட்டாலும் வரமாட்டா."

போனேன். ரோஷத்தைக் கழற்றி அறையில் வைத்துவிட்டுப் போனேன் என்று சொல்லமாட்டேன், பாதியைக் கூடவேதான் கொண்டுபோனேன். பாட்டு இப்போது ஒரு கண்ணாடிக் கடையில் வேலை செய்தாள். மூக்குக் கண்ணாடி விற்கிற கடை. கண்ணாடி அலமாரிகளுக்கு நடுவில் நின்று, ஒரு வாத்தியாரின் முகத்தில் சட்டம் ஒன்றை மாட்டி, காதோரம் வளைவைச் சரிபார்த்துக்கொண்டிருந்தாள். நான் உள்ளே போனதும் ஒரு கணம் கை நின்றது. பிறகு, "உக்காரு, வந்துடறேன்" என்றாள், நேற்றுதான் பார்த்த மாதிரி.

வாத்தியார் போனதும் என் எதிரே வந்து நின்று, ஒரு சட்டத்தை என் மூக்கில் வைத்துத் தள்ளி நின்று பார்த்தாள்.

"உன் மூஞ்சி கொஞ்சம் கோணல்டி. இத்தன வருஷம் தெரியாமப் போச்சு பாரேன்."

"உனக்கென்ன தெரியும், முதுகத்தான பாத்த."

"முதுகு நேராத்தான் இருக்கும்."

இரண்டு பேருக்கும் சிரிப்பு வந்தது. வந்த சிரிப்பை இருவரும் சீக்கிரமே மடித்து வைத்துவிட்டோம்.

கீழ்த்தட்டிலிருந்து ஒரு பெட்டி எடுக்க வேண்டியிருந்தது. கூட வேலை செய்யும் பெண்ணைக் கூப்பிட்டு எடுத்துத் தரச் சொன்னாள். ஓஹோ, அதற்குள் முதலாளித்தனம் வந்துவிட்டதா என்று நினைத்துக்கொண்டேன். பக்கத்து டீக்கடைக்குப் போனோம். நாற்காலி இழுத்துப் போட்டேன், அவள் உட்காரவில்லை. சுவரில் சாய்ந்து நின்றபடியே டீ குடித்தாள். என்னைச் சீக்கிரம் அனுப்பப் பார்க்கிறாள் என்று எனக்குச் சுருக்கென்றது. சுற்றி வளைக்காமல் கேட்டேன்.

"வாடி. ஒரே ஒரு வருஷம். அப்புறம் ஆயுசு பூரா கண்ணாடி வித்துக்கோ."

"வந்தா மெடல்னு யாரு சொன்னது?"

"ஒரு கையகலம்டி. ஒரு கையகலத்துல விட்டோம். பாத்துக்கலாம், வா."

அவள் டம்ளரைக் கையில் உருட்டிக்கொண்டிருந்தாள். உள்ளங்கையில் காய்ப்பெல்லாம் உதிர்ந்து தோல் மெத்தென்று ஆகியிருந்தது. அதைப் பார்க்க எனக்கு என்னவோ போலிருந்தது, வேறொருத்தியின் கை மாதிரி.

"ஞாயித்துக்கெழம வரேன்," என்றாள் கடைசியில். "ஒரு தடவ படகுல போவோம். அப்புறம் பேசிக்கலாம். ஆனா நான் முன்னாடி உக்காருவேன். நீ பின்னாடி."

"எதுக்கு?"

"ஒரு ஆச. வேணாம்னா வேணாம்."

எதற்கு என்ன, தலைகீழாக உட்காரச் சொல்லியிருந்தாலும் சம்மதித்திருப்பேன். அந்த வாரம் முழுக்க எனக்குக் கால் தரையில் பாவவில்லை. இரட்டையர் படகை இறக்கித் தூசி தட்டி, சறுக்கு இருக்கைகளின் சக்கரத்துக்கு எண்ணெய் விட்டேன். இரண்டாவது கொக்கியில் புதுத் துண்டு ஒன்றை மாட்டினேன். கோச்சிடம் வருகிறாள் என்று சொன்னதற்கு அவர் பெருமூச்சு விடவில்லை. அவருக்கும் நம்பிக்கை வந்துவிட்டது என்று அர்த்தம்.

ஞாயிற்றுக்கிழமை ஏரி எண்ணெய் மாதிரி அசையாமல் கிடந்தது. நாங்கள் இருக்கை மாறி உட்கார்ந்து, கால்பலகைகளை அவரவர் காலுக்குத் தக்கபடி நகர்த்தி முடுக்கிக்கொண்டோம். அவள் உட்காரக் கொஞ்சம் நேரம் எடுத்தது. விட்டு நாளாச்சு, அதனால் என்று நினைத்தேன்.

"மெதுவாப் போவோம்," என்றாள்.

முதல் தடவையாக எனக்கு முன்னால் ஒரு முதுகு இருந்தது. ஒன்பது வருடமாக எனக்கு முன்னால் தண்ணீரும் வானமும்தான். மனுஷ வாடையே இல்லாத காட்சி. பாவம், இவளுக்கு வருடக்கணக்காக வெறும் என் முதுகு என்று நான் கேலி செய்திருக்கிறேன். இப்போது தெரிந்தது, இவள் தனியாகவே இருக்கவில்லை. நான்தான் இருந்திருக்கிறேன்.

நாலைந்து இழுப்புப் போனதும் அதைக் கவனித்தேன். இடுப்புக்குச் சற்று மேலே முதுகெலும்பின் வலது பக்கம் தசை விறைத்து மேடிட்டு நின்றது. அவள் முன்னால் குனியும்போது அந்த மேடு இறுகியது. இழுத்து நிமிரும்போது இடது பக்கம் வந்துவிடும், வலது பக்கம் ஒரு துளி தாமதித்து வந்தது. நிலையில் இடித்துக்கொண்டு மூடும் கதவு அப்படித்தான் வரும். பனியன் நனைந்து ஒட்டிக்கொண்டதும் உள்ளே அகலமாக ஒட்டியிருந்த பிளாஸ்திரியின் விளிம்பு தெரிந்தது.

அந்தத் துளித் தாமதம் எனக்குத் தெரியும். கண்ணால் பார்த்ததில்லை, உட்காருகிற இடத்தில் உணர்ந்திருக்கிறேன். உலகப் போட்டியிலும் அது இருந்தது. அதற்கு முந்தின பருவத்திலும் இருந்தது. காற்று என்று நினைத்தேன். துடுப்பைப் படகோடு பிடிக்கும் பூட்டு தளர்ந்திருக்கிறது என்று நினைத்து எத்தனையோ முறை முடுக்கினேன். 'பின்னாடி என்னடி தூக்கம்?' என்று கத்தியும் இருக்கிறேன். அப்போதெல்லாம் 'சரி சரி' என்றுதான் பதில் வரும்.

இப்போது இழுப்புக்கு இழுப்பு அது மோசமாகிக்கொண்டிருந்தது. அவள் இடுப்பை அசைக்காமல் வெறும் கையால் இழுக்க ஆரம்பித்திருந்தாள். கழுத்து நரம்பு புடைத்தது. நான் அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். என் கண் வேறெங்கும் போகவில்லை.

"பின்னாடி பாருடி," என்றாள் அவள் திரும்பாமல். "கரை கிட்டக்க வந்துருக்கும்."

பின்னால் உட்கார்ந்தால் வழி பார்க்க வேண்டியது என் வேலை என்பதே மறந்துபோயிருந்தது. திரும்புவதற்குள் படகின் மூக்கு சரசரவென்று நாணல் புதருக்குள் போய்ச் சொருகி நின்றது. இரண்டு நீர்க்கோழிகள் திட்டிக்கொண்டே ஓடின.

வெளியே எடுக்க இருவருமே கை வைக்கவில்லை. அப்படியே உட்கார்ந்திருந்தோம்.

"பாத்தியா?" என்றாள்.

நாணலைக் கேட்கவில்லை என்று எனக்குத் தெரியும். கையை நீட்டி அந்த மேட்டின்மேல் வைத்தேன். கட்டை மாதிரி இருந்தது.

"எப்பலேருந்து?"

"உலகப் போட்டிக்கு முந்தின வருஷம். டிஸ்க்கு. டாக்டர் அப்பவே நிறுத்தச் சொல்லிட்டாரு."

"எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லக்கூடாதா?"

"சொல்லிருந்தா நீ ரெண்டு பேருக்கும் சேத்து இழுத்திருப்ப. எனக்கு எதிர்லதான உன் முதுகு? ஒவ்வொரு இழுப்புக்கும் அதப் பாத்துக்கிட்டு நான் எப்படி உக்காந்திருக்கறது?"

 எனக்கு அழுகை வந்தது. அவள் முதுகு எனக்கு எதிரே இருந்ததால் தாராளமாக அழ முடிந்தது. படகு லேசாக ஆடியதில் அவளுக்குத் தெரிந்திருக்கும்.

"அந்தக் கையகலம் நான்தான்டி," என்றாள்.

"போடி. அது காத்து. எதிர்க்காத்து."

"அன்னிக்குக் காத்தே இல்ல."

"இருந்துச்சு."

அவள் துடுப்பால் ஒரு நாணலைத் தள்ளிவிட்டாள். பிறகு அவள் சொன்னாள்.

"கடையில நீ கேட்டப்பவே மாட்டேன்னு சொல்லிருக்கணும். வாய் வரல. உனக்கு மாட்டேன்னு சொல்லிப் பழக்கமே இல்ல எனக்கு. இப்பவும் சொல்றேன், நீ வாடின்னு இன்னொரு தடவ கேட்டா வந்துடுவேன். மாத்திர போட்டுக்கிட்டு ஒரு பருவம் ஓட்டிடலாம். அதனாலதான் உன்ன பின்னாடி உக்காரச் சொன்னேன். பாத்துட்டுக் கேளு."

கேட்டால் வருவாள். அவள் சொன்னால் சொன்னதுதான். வந்தால் இரட்டையர் படகு போகும், கையகலத்தைத் தாண்டக்கூடச் செய்யலாம், மேடை ஏறலாம், அம்மா ஊரையே கூட்டிக் காட்டலாம். எனக்கு அது வேண்டும். அப்போதும் வேண்டும், இப்போதும் வேண்டும், வேண்டாம் என்று நாடகம் போட எனக்குத் தெரியாது. 'வாடி' என்கிற ஒரு சொல் நாக்கின் நுனியில் வந்து நின்றது. கை இன்னும் அந்தக் கட்டையின்மேல்தான் இருந்தது. அது என் கைக்கடியில் சின்னதாகத் துடித்துக்கொண்டிருந்தது, ஓய்வே இல்லாமல்.

கையை எடுத்தேன்.

"துடுப்ப மடியில வச்சுக்கிட்டு சும்மா உக்காரு," என்றேன். "நான் கொண்டுபோறேன்."

"தனியாவா? ரெண்டு ஆள் கனம்டி."

"பேசாம வா."

நாணலிலிருந்து பின்னுக்கு இழுத்து, படகைத் திருப்பி, துறைவரைக்கும் நான் ஒருத்தியே துடுப்பு வலித்தேன். சில இழுப்புக்கு ஒருமுறை திரும்பி வழி பார்த்தேன். இரண்டு பேருக்கும் சேர்த்துத்தான் இழுத்தேன். அன்றைக்கு என் முதுகு அவள் கண்ணில் படாது, அதனால் அவளால் உட்கார்ந்திருக்க முடிந்தது. பாதி வழியில் அவள் தலை கொஞ்சம் குனிந்தது, தோள்கள் குலுங்கின. நான் பார்க்காத மாதிரி இருந்தேன். பின்னால் இருப்பவளுக்கு இதுவும் ஒரு வேலைபோல.

துறையில் கோச் காத்துக்கொண்டிருந்தார். இரண்டு முகத்தையும் மாறி மாறிப் பார்த்தார். அவளைக் கைகொடுத்து மேலே ஏற்றினார்.

"ஒற்றையர்னே பேரு குடுத்துடுங்க சார்," என்றேன்.

"நீ திரும்பியே பாக்க மாட்டியேம்மா."

"பழகிக்கறேன்."

விடுதிக்குப் போய் இரண்டாவது கட்டிலை எடுத்துக்கொள்ளச் சொன்னேன். அது போன பிறகு அறை பெரிதாகிவிட்டது. அவ்வளவு பெரிய அறை எனக்குத் தேவையே இல்லை.

ஒரு மாதம் கழித்துக் கடையிலிருந்து ஒரு சின்னப் பெட்டி வந்தது. உள்ளே சாதாரண மூக்குக் கண்ணாடிச் சட்டம், பவர் இல்லாத கண்ணாடி போட்டது. என் கோணல் முகத்துக்கு அளவாக வளைத்திருந்தாள். இடது ஓரத்தில் கம்பி நீட்டி, கட்டைவிரல் நகத்தைவிடக் கொஞ்சம் பெரிய முகம் பார்க்கும் கண்ணாடித் துண்டு ஒன்று பொருத்தியிருந்தாள். தனியாகப் படகு விடுகிறவர்கள் சிலர் இப்படி மாட்டிக்கொள்வதுண்டு, தலையைத் திருப்பாமல் பின்னால் பார்க்கலாம். மறுநாள் போட்டுக்கொண்டு ஏரியில் இறங்கினேன். கம்பியை நான் சரியாக வளைக்கத் தெரியாமல் வளைத்ததில் வழி தெரியவில்லை. என் இடது தோள் தெரிந்தது. ஏறித்தான் இருந்தது. இத்தனை வருடத்தில் அதை நான் பார்த்தது அன்றுதான். கம்பியைத் திருத்தி வைக்க மனசு வராமல் அப்படியே கொஞ்ச தூரம் போனேன். பிறகு கம்பியைத் திருத்தியதும், மீன்பிடிக்காரர் என்னைக் கண்டு நங்கூரத்தைத் தூக்க ஆரம்பிப்பது தெரிந்தது. அவரைத் தாண்டி ஒழுங்காகப் போனேன். அவர் தொப்பியைத் தூக்கிக் காட்டினார்.

உலகப் போட்டிக்குத் தனியாகப் போனேன். விமானத்தில் பக்கத்து இருக்கை ஒரு வியாபாரிக்கு, வேனில் பக்கத்து இருக்கை என் பைக்கு. தொடக்கக் கோட்டில் படகை நிறுத்திக்கொண்டு காத்திருக்கும் அந்தக் கொஞ்ச நேரம் இருக்கிறதே, அதுதான் கொடுமை. வழியெல்லாம் மிதவை கட்டிப் பாதை போட்டிருப்பார்கள், யாரும் திரும்பிப் பார்க்க வேண்டியதில்லை. ஆனாலும் 'சரி' என்று ஒரு குரலுக்காகக் காது காத்துக்கொண்டிருந்தது. வரவில்லை. நானே வாய்விட்டு 'சரி' என்றேன். பக்கத்துப் படகுக்காரி என்னைத் திரும்பிப் பார்த்தாள்.

பதினோராவது வந்தேன். அம்மா போனில் கேட்டாள்.

"எத்தனாவது?"

"பதினொண்ணு."

"எத்தன பேர்ல?"

"நெறைய பேர்லம்மா."

"அப்ப சரி. சாப்ட்டியா?"

சாப்பிட்டேன் என்று பொய் சொல்லிவிட்டு வைத்தேன். ஓட்டல் அறையில் ஒற்றைக் கட்டில். ஈரத் துணியைக் குளியலறைக் கம்பியில் போட்டேன். ஜன்னல் வழியாக ஏரி தெரிந்தது, வேலையாட்கள் மிதவைகளைச் சுருட்டி எடுத்துக்கொண்டிருந்தார்கள். இனி எனக்கு அந்தத் தண்ணீரில் வேலை இல்லை. கட்டிலின் விளிம்பில் உட்கார்ந்தேன். எழுந்து என்ன செய்வது என்று தெரியவில்லை.

போன் அடித்தது. பாட்டு.

"கடை டிவில பாத்தேன்டி. முதலாளியம்மா, கடைக்கு வந்தவங்கன்னு எல்லாரையும் நிறுத்தி வச்சுப் பாக்க வச்சேன். ஒருத்தர் கண்ணே தெரியலன்னு வந்தவரு, அவரையும்."

"பதினொண்ணுடி."

"அது டிவிலயே போட்டாங்க." கொஞ்சம் நிறுத்தினாள். "கடைசி நானூறு மீட்டர்ல தோள் ஏறிடுச்சு. கவனிச்சியா?"

"இல்ல."

"இப்பவும் ஏறித்தான் இருக்கும்."

அறையில் யாரும் இல்லை. போனைக் காதில் வைத்தபடி தோளை இறக்கினேன்.